இரண்டாம் ஹாலின் விளக்குகள்

இளமதி செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளுகிறாள். கடைசி வரிசையின் மூலை இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கை மடங்கிக்கொள்ளாதபடி அதன்மேல் தன் கனத்த கைப்பையை வைக்கிறாள். மடியில் ஒரு கச்சாங் பூத்தே வறுகடலைப் பொட்டலம். ஒவ்வொரு கடலையாக எடுத்து, சத்தம் வராமல் மெல்லுகிறாள். படம் தொடங்கிவிட்டது. அவள் திரையைப் பார்க்கவில்லை. முன்னால் இருக்கும் இருநூறு பின்னந்தலைகளைப் பார்க்கிறாள்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு கடைத்தொகுதியின் நான்காம் மாடியில் எங்கள் தியேட்டர். இரண்டே ஹால். முதல் ஹால் என் பொறுப்பு, இரண்டாவது அவளுடையது. இப்போது படத்தை யாரும் கையால் ஓட்டுவதில்லை. எந்த நிமிடத்தில் விளக்கு மங்க வேண்டும், எங்கே இடைவேளைக்கு நிற்க வேண்டும், எப்போது மறுபடி வெளிச்சம் வர வேண்டும் என்று சர்வரில் எழுதி வைத்துவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். அப்படி எழுதுவதற்கு எங்கள் தொழிலில் க்யூ என்று பெயர். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுப் பதினெட்டு வருடமாக க்யூ எழுதுகிறவன். இளமதி நான்கு வருடம் முன்புவரை பாப்கார்ன் கவுண்டரில் நின்றவள். என்னை அங்கிள் என்கிறாள். எனக்கு நாற்பத்தொன்பதுதான் ஆகிறது.

மறைப்பானேன், எனக்கு அவள்மேல் பொறாமை. பிடித்த ஆளைப் பற்றி எழுதியிருந்தால் இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கமாட்டேன்.

படம் முடிந்ததும் விளக்கைப் போடு என்பது என் க்யூ. அவள் கடைசிக் காட்சி மறைந்த பிறகு ஆறு விநாடி முழு இருட்டாக விடுவாள். அப்புறம்தான் கால் பங்கு வெளிச்சம், கொஞ்சம் பொறுத்துப் பாதி. "அழுதவங்க மூக்கைத் தொடச்சிக்க வேணாமா அங்கிள்? டக்குனு லைட்டைப் போட்டா பாவம் லா!" ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அவளிடம் தனிக் கணக்கு. அன்று கிராஞ்சி விடுதிகளிலிருந்து வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டமாக வருவார்கள். மற்ற நாளைவிட மூன்று நிமிடம் தாமதித்துத்தான் விளக்கை மங்கவிடுவாள். அது விதிமுறையில் இல்லை என்று ஒருமுறை சொன்னேன். "ஊருக்கு வீடியோ கால் போட்டு தியேட்டரைக் காட்டுறாங்க அங்கிள். இருட்டாக்கிட்டா அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு மூஞ்சி எப்படித் தெரியும்?" என்றாள். அவள் சொன்னது சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் மனைவி தாரணி, என் சொந்த மனைவி, படம் பார்க்க வந்தால் இரண்டாம் ஹாலுக்குத்தான் டிக்கெட் எடுக்கிறாள். "அங்கதாங்க லைட்டு கண்ணைக் குத்தாது" என்று என்னிடமே சொல்கிறாள்.

போன மாதம் எங்கள் முதலாளி பொங்கோலில் ஆறு ஹால் கொண்ட புதுத் தியேட்டர் திறப்பதாக அறிவித்தார். ஆறுக்கும் ஒரே முறையில் க்யூ எழுத வேண்டும், ஒருவரே பொறுப்பு. என் முறையா அவள் முறையா என்று மேலாளர் யாக்கூப் முடிவு செய்வார். அந்த வேலை எனக்குத்தான் என்று என் பதினெட்டு வருட அனுபவம் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை இரண்டு ஹாலிலும் ஒரே புதுப்படம் வெளியானது. படம் இழுக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சலித்துக்கொள்ள, திங்கட்கிழமை பன்னிரண்டு நிமிடம் வெட்டிய பிரதியை அனுப்பி வைத்தார்கள். க்யூ எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். செவ்வாய் மதியம் யாக்கூப் இரண்டு ஹாலிலும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

செவ்வாய் காலை நான் பழைய இடைவேளை நேரத்திலிருந்து பன்னிரண்டு நிமிடத்தைக் கழித்து எழுதினேன். இரண்டு நிமிட வேலை. போகிற போக்கில் இளமதியின் திரையை எட்டிப் பார்த்தேன். அவள் இடைவேளை க்யூவை எழுதவே இல்லை. அந்த வரி காலியாக இருந்தது. இப்படியே ஓட்டினால் இடைவேளை வரும், விளக்கு வராது, படம் நிற்காமல் ஓடும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

இரண்டாம் ஹாலில் காட்சி முதலில் தொடங்கியது. என் ஹாலில் பத்து நிமிடம் கழித்து. என் சர்வரை அதன் பாட்டுக்கு ஓடவிட்டு, அவள் மாட்டிக்கொள்வதைப் பார்க்க இரண்டாம் ஹாலின் கதவோரம் போய் நின்றேன்.

திரையில் இடைவேளை என்று எழுத்து வந்தது. இளமதியின் மடியில் கடலைப் பொட்டலத்துக்குக் கீழே ஒரு டேப்லெட் இருந்திருக்கிறது. விரலால் ஒரு தட்டு. படம் நின்றது. வெளிச்சம் மெதுவாக ஏறியது. யாரோ விசிலடித்தார்கள்.

"நீ க்யூ எழுதவே இல்லையே?" என்றேன்.

"புதுப் பிரதின்னா மொத ஷோ நான் கையாலதான் பண்ணுவேன் அங்கிள். எங்க வெட்டினாங்கன்னு பாக்க வேணாமா? முன்பாதில வெறும் மூணு நிமிஷம்தான் எடுத்திருக்காங்க. மீதி ஒம்போதும் பின்பாதில போல." கடலையை என் பக்கம் நீட்டினாள். "காலையில என் ஸ்கிரீனைப் பாத்தீங்கல்ல? ஏன் காலியா இருக்குன்னு கேட்பீங்கன்னு நெனச்சேன்."

நானோ பன்னிரண்டையும் முன்பாதியிலிருந்தே கழித்திருந்தேன். ஓடினேன். முதல் ஹாலின் கதவைத் தொடும்போதே உள்ளே கூச்சல் கேட்டது. இடைவேளைக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருக்க, கதாநாயகன் ஓங்கிய அரிவாளோடு திரையில் உறைந்து நின்றான். ஹால் முழுக்கப் பளீரென்று விளக்கு. நடுவரிசையில் பாப்கார்னோடு யாக்கூப்.

"என்ன ரத்னவேல் இது?" என்று மட்டும் கேட்டார்.

என் பின்னாலேயே வந்திருந்த இளமதி முந்திக்கொண்டாள். "எங்க வெட்டினோம்னு அனுப்பினவங்க சொல்லவே இல்ல பாஸ். யாருக்கும் தப்பு வரும்." அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட அன்று இரவு நான் தூங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை காலை யாக்கூப்பின் குறுஞ்செய்தி வந்தது. ஆறு ஹாலும் இளமதிக்கு.

மதியக் காட்சி தொடங்கியதும் இரண்டாம் ஹாலுக்குப் போனேன். வாழ்த்துச் சொல்லத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசி வரிசைக்குப் பின்னால் இருட்டில் வெறுமனே நின்றேன். என் காலடிச் சத்தம் கேட்டும் இளமதி திரும்பவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இருக்கை மேலெழும்பி மடங்கப் பார்த்தது. முன்னால் இருக்கும் தலைகளைப் பார்த்தபடியே, அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.