அக்காவின் உயரத்துக்குச் செய்த மேசை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலர் அவரை அறிந்தவர்கள் கையில்தான் இருக்கும். அதனால் புகழ்ந்து எழுதப் போவதில்லை. புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. பொய் சொன்னால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அக்கா பிறந்தது கொடுமுடியில். அப்பா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். தம்பி நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். கடையை நடத்தி என்னைப் படிக்க வைத்தவர் அக்காதான். பிறகு கல்யாணமாகிக் கோவைக்கு வந்தார். அவர் கணவர், எங்கள் மாமா, வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை போட்டு, ஆர்.எஸ்.புரத்து வீடுகளுக்கு ப்ளைவுட்டில் சமையலறை அலமாரிகள் செய்துகொண்டிருந்தார். சில வருடங்களில் மாமாவுக்கு முதுகுத்தண்டில் தட்டு விலகியது. இனி பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது மகள் கைக்குழந்தை. பட்டறையை விற்றுவிடும்படி உறவுக்காரர்கள் நல்லது சொல்வதுபோலச் சொன்னார்கள். அக்கா அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அளவு டேப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகையைத் தனியாகத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அக்காவோ குள்ளம். பலகையின் மேலும் கீழும் சேர்த்துப் பிடிக்க அவருக்குக் கை எட்டாது. எனவே தூக்காமலே வேலை செய்ய வழி தேடினார். சக்கரம் வைத்த ஒரு சட்டம் செய்தார். டெம்போவிலிருந்து பலகையை நிமிர்த்தியபடியே அதில் இறக்கி, தள்ளிக்கொண்டு வந்து மேசையோரம் சாய்த்தால், பலகை தானாக மேலே படுத்துவிடும். அறுத்த துண்டு கீழே விழாதிருக்க உருளை வைத்த ஒரு தாங்கி, ரம்பம் கோணாமல் ஓட நீளமான ஓரக்கட்டை, நடுப்பலகை வரை கை எட்டுவதற்காக இடது காலை ஏற்றி நிற்க ஒரு படி. மாமா உட்கார்ந்த இடத்திலிருந்து யோசனை சொல்ல, அக்கா தன் உடம்பை வைத்தே அளந்து எல்லாவற்றையும் செய்தார். மேசை சரியாக அவர் இடுப்பளவு இருந்தது. மணைப்பலகையா செய்திருக்கிறீர்கள் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அந்த மணைப்பலகைதான் மகளைப் படிக்க வைத்தது, கட்டியும் கொடுத்தது.

போன வருடம் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அளவு பார்க்கும் புத்தி அவரை விடவில்லை. ஒரு கையைத் தொங்கவிட்டு, தரை எட்டாமல் துழாவியபடி என்னிடம் சொன்னார்.

"இந்தக் கட்டில யாரோ நெட்டையனுக்குச் செஞ்சுபோட்டிருக்காங்க கண்ணு."

என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அக்காவை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கூடவே வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சோறு கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அம்மா, கடையை அடைத்துவிட்டு மயானம் வரை நடந்து வந்த ப்ளைவுட் கடை பாய், துக்கம் கேட்க வந்தபோது பாதியில் கிடந்த தங்கள் அலமாரிகளைப் பற்றி வாயே திறக்காத வாடிக்கையாளர்கள். இவர்களுக்கெல்லாம் நன்றி என்ற சொல் போதாது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

பாதியில் நின்ற அந்த வேலைகளை முடிக்க நான் பட்டறைக்கு வந்தேன். வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்த மேசையில் அக்கா நின்றபடிதான் யாரும் நிற்க முடியும். படியில் இடது காலை ஏற்றி, வலப்பக்கம் சாய்ந்து, கழுத்தைக் கோணினால்தான் பென்சில் கோடு தெரியும். ஒரு நாள் சுவரில் விழுந்த என் நிழலைப் பார்த்து நானே ரம்பத்தை நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

ரம்பச் சத்தம் கேட்டதும் மாமா எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். சரியாகச் சாப்பிடுவதுமில்லை. அப்பாவைச் சென்னைக்கு அழைத்துப் போகிறேன், வீட்டைப் பூட்டிவிடலாம் என்றாள் அக்கா மகள். மாமா மறுக்கவில்லை. அக்கா அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய வீட்டுக்குப் பூட்டு விழுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாமாவின் மனம் நோகக் கூடாது என்று பட்டறையில் ஓர் ஆணியைக்கூட நான் மாற்றவில்லை. என் முதுகைப் பார்த்து மேசையை உயர்த்தச் சொன்னவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போனேன்.

இந்த மலருக்குப் படம் கேட்டு மாமாவிடம் போனேன். மேசையருகே அக்கா குனிந்து நிற்கும் படத்தைக் காட்டி, இதைப் போடலாமா என்றேன். படத்தை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அந்த மேசைய ஒசத்திப்போடுங்க மாப்ள," என்றார். "கதவோரம் நின்னு பார்த்தா உங்கக்காளாட்டவே குனிஞ்சு நிக்கறீங்க. அப்பறம் திரும்பறீங்க, பாத்தா நீங்க."

மறுநாளே நான்கு கால்களுக்கும் கட்டை கொடுத்து மேசையை உயர்த்தினேன். படியையும் கழற்றிவிட்டேன். இப்போது நிமிர்ந்து நின்றுதான் அறுக்கிறேன். மாமா உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, அளவு தப்பு என்று என்னைத் திட்டுகிறார். சென்னைப் பேச்சு நின்றுவிட்டது. அக்காதான் இப்போதெல்லாம் வருவதில்லை.