பூத்த சோடா

"பிரபவ வருஷம், ஆனி 17. சோடா. பூத்தது. அளவு மாற்றிப் போடவும்."

இது என் கையெழுத்தில் உள்ள ஒரு சிறு சீட்டு. கீழ் விளிம்பு கிழிந்திருக்கிறது. ஆனி இருபதாம் தேதி, திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு இது என் மேசைமேல் விட்டெறியப்பட்டது. எறிந்தவர் என் அக்காவின் புருஷன்.

அப்போது நான் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சயன்ஸ் அறைக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். அலமாரியில் இருந்தவற்றில் மிகச் சாதுவானது சலவை சோடாதான். தீப்பிடிக்காது, வெடிக்காது. தூள் கண்ணில் பட்டால் எரியும். வெகுநேரம் கையில் இருந்தால் தோல் வறண்டு வெடிக்கும். அவ்வளவுதான். இருந்தாலும் ஈரக் கரண்டி கூடாது, எடுத்தபின் கை கழுவ வேண்டும், தூள் பறக்கக் கொட்டக் கூடாது என்று மூன்று விதிகள் எழுதி ஒட்டியிருந்தேன். மற்ற வாத்தியார்கள் சிரித்தார்கள். நான் எடுக்கவில்லை.

சோடாவின் தொல்லை வேறு இடத்தில். கண்ணாடி மூடி போட்டால் அது புட்டியின் கழுத்தோடு இறுகிவிடும். பிறகு உடைத்தால்தான் உண்டு. ஆகையால் தக்கை போட்டு, மேலே மெழுகு உருக்கி ஊற்றி அடைப்பேன். அடைப்பது எதற்கு? நல்ல சோடா கற்கண்டு போல் கட்டி கட்டியாக இருக்கும். அதன் எடையில் பாதிக்குமேல் தண்ணீர். உலர்ந்த காற்றுப் பட்டால் அந்தத் தண்ணீர் வெளியேறி, கட்டி இடிந்து வெள்ளைத் தூளாகிவிடும். தூளுக்கு, எடைக்கு எடை, இரண்டு மடங்குக்கும் மேல் வீரியம்.

சித்திரையில் கடைசி வகுப்புக்காக மெழுகை உடைத்தேன். திரும்ப மெழுகு ஊற்றாமல் அறையைப் பூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போனேன். இந்தக் குற்றம் என்னுடையது. சாமான் பதிவேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். கத்திரி வெயிலில் தக்கை சுருங்கிற்று. ஆனியில் வந்து பார்த்தபோது புட்டி நிறைய மாவு. "சோடா பூத்துவிட்டது" என்று பதிவேட்டில் எழுதினேன். தலைமை ஆசிரியர் அதன் பக்கத்தில், "அளவைப் பரிசோதனைக்கு உதவாது, கொட்டிவிடவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கொட்டியிருக்க வேண்டும்.

பதினேழாம் தேதி பள்ளிக்கூட வாசலுக்கு அக்கா வந்தாள். ஆவணி பிறந்ததும் அவள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திருமுக்கூடல் பக்கம். முகூர்த்தப் புடவைக்கென்று ஒரு புடவைக்கான பட்டு மட்டும் வாங்கி வைத்திருந்தார்கள். பட்டுநூலை முதலில் சோடாவும் சவுக்காரமும் போட்ட வெந்நீரில் வேகவைத்துப் பசை எடுப்பார்கள், பிறகுதான் சாயம். அக்காவின் புருஷனுக்கு அதுவே தொழில். தன் பெண்ணின் பட்டைத் தன் கையாலேயே வேகவைப்பேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கடை சோடாவுல மண்ணு கலந்துக்கினு வருதுப்பா. உன்னாண்ட சுத்தமானது இருக்குதாமே?" என்றாள்.

"மாமா கேக்கச் சொன்னாரா?"

"அவரா? உன் பேர எடுத்தாலே சோத்துத் தட்ட தள்ளிட்டு எழுந்துடறாரு. நானாத்தான் வந்தேன்."

எங்களுக்குள் பேச்சு நின்று அப்போது இரண்டு வருஷமாகியிருந்தது. அவருடைய தாத்தா கோவில் தேருக்குச் சாயச் சீலை கொடுத்த வருஷத்தை அவர் ஒரு விருந்தில் பெருமையாகச் சொன்னார். அந்த வருஷத்தில் அவர் தாத்தாவுக்கு நான்கு வயது என்று நான் எல்லோர் முன்னிலும் கணக்குப் போட்டுக் காட்டினேன். பந்தி முழுவதும் சிரித்தது. நான் போட்ட கணக்கு சரி. இன்றும் சரிதான்.

கொட்டப் போகிற சோடாதானே, வேதிப்பொருளில் குறை ஒன்றும் இல்லையே என்று எட்டுப் பலம் நிறுத்துப் பொட்டலம் கட்டினேன். ஒரு புடவைப் பட்டுக்கு அவர் நான்கு பலம் போடுவார் என்பது எனக்குத் தெரியும். பூத்த சோடாவில் இரண்டு பலமே அதிகம். மீதி வேறு பட்டுக்கு ஆகட்டும் என்று நினைத்தேன். சீட்டை எழுதிப் பொட்டலத்துக்குள் வைத்தேன். வாயால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மணி அடித்துவிட்டது, உள்ளே போய்விட்டேன்.

ஆனி இருபது. மாமா சயன்ஸ் அறைக்குள் செருப்போடு நுழைந்தார். வகுப்பு இல்லாத நேரம். தோள் துண்டுக்குள்ளிருந்து முறுக்கிக் கட்டிய ஒரு பட்டுநூல் சிட்டத்தை எடுத்து மேசைமேல் போட்டார். பளபளப்பே இல்லை. நனைந்து காய்ந்த கோணிச் சணல் போல் இருந்தது. ஓர் இழையைப் பிடித்து இழுத்தார். சத்தமில்லாமல் அறுந்தது.

"இது பட்டா, நூலாம்படையா? சொல்லு வாத்தியாரே."

"எத்தன பலம் போட்டீங்க?"

"எட்டும் போட்டேன். பூத்துப்போனத குடுத்தா பின்ன எத்தன போடுவாங்க?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊரில் பூத்தது என்றால் செத்தது. சுண்ணாம்பு காற்றுப் பட்டுப் பூத்தால் வெற்றிலைக்கும் ஆகாது, சுவருக்கும் ஆகாது. அதே சொல்லைத்தான் நான் எழுதியிருந்தேன். வீரியம் போனது என்று படித்து, நான்கு பலத்தை எட்டாக்கியிருக்கிறார்.

"சுண்ணாம்பு வேற, சோடா வேற மாமா. அதுல இருந்த தண்ணி போயிட்டுது. வீரியம் கூடிப்போச்சு. கொறைச்சுப் போட்டிருக்கணும்."

"கல்லுக்குள்ள தண்ணி இருந்துச்சா? நாப்பது வருசமா சோடாவ கையால அள்றேன், என் கை ஒரு நாளும் நனையல. நீ புஸ்தகத்துல நனைஞ்சியா?"

"அளவ மாத்தணும்னு எழுதியிருந்தேன்."

"மாத்தினேனே! எங்க கொறைக்கச் சொல்லியிருக்குது? நீயே படி. தேதி மட்டும் சுத்தமா போட்டுக்கினு கீற."

சீட்டை எறிந்தார். படித்தேன். குறைக்கச் சொல்லவில்லை. கீழே கிழிந்திருந்தது.

"இதக் கிழிச்சது யாரு?"

"பொட்டலம் பிரிக்கறப்போ கிழிஞ்சிருக்கும். இல்ல, நீயே கிழிஞ்ச காயிதத்துல எழுதினியோ இன்னாவோ."

மேசைமேல் பதிவேடு திறந்திருந்தது. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். "கொட்டிவிடவும்" என்ற சொல்லில் விரலை வைத்தார்.

"ஓ. குப்பையில போடறதத்தான் என் பொண்ணுக்குக் குடுத்தியா? நல்ல தாய்மாமன்டா நீ."

கெட்டுப்போனதல்ல, பரிசோதனைக்கு மட்டுமே உதவாது என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. நானும் வாயை அடக்கவில்லை. தெரியாத பொருளைக் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்காமல் மொத்தமாகக் கொட்டுகிறவன் சாயக்காரனா என்று கேட்டேன். அவர் சிட்டத்தை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார்.

"ஒன் கையால வர்ற எதுவும் இனிமே என் பொண்ணு மேல படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு பட்டு வாங்கி, வேகவைத்து, சாயமேற்றி, பாவு ஓட்டி, நெய்து அறுக்க முகூர்த்தத்துக்குள் நாள் போதவில்லை; அடுத்தவர் சாயமிட்ட கடைப் புடவைக்கு மாமா ஒப்பவில்லை. ஊருக்கே பட்டுக்குச் சாயம் போடுகிறவரின் மகள், தாயின் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். தாய்மாமன் சீராக நான் கொண்டுபோன தட்டைப் பந்தல் வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். தடுத்தவர் மாமா அல்ல; அக்கா. "எடுத்துக்கினு போயிடு தம்பி" என்றாள். பெண் தலைகுனிந்திருந்தாள்; என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. பார்த்தாள் என்று சிலர் பிறகு சொன்னது ஆறுதலுக்காக இருக்கலாம். அதை நான் பதியவில்லை.

அந்த மாதமே புட்டியில் புதுச் சோடா போட்டு, மெழுகு ஊற்றி, விவரச் சீட்டு ஒட்டினேன். இப்போதெல்லாம் சோடா பூத்தால் "பூத்தது" என்ற சொல்லை எழுதுவதில்லை. "தண்ணீர் இழந்தது, வீரியம் மிகுதி, எடையில் பாதிக்கும் குறைவாக எடுக்கவும்" என்று எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் பெரிய சீட்டாக எடுத்துக்கொள்கிறேன். மாமாவோடு பேச்சு இன்றுவரை இல்லை. சாயக்காரன் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்ற என் எண்ணமும் மாறவில்லை.

சீட்டின் கிழிந்த பகுதியில் "பாதி போதும்" என்று ஒரு வரி எழுதியதாக எனக்கு ஞாபகம். அன்றைய என் குறிப்பில் "சீட்டு வைத்தேன்" என்று மட்டுமே இருக்கிறது; சீட்டின் வாசகம் இல்லை. கிழிந்த துண்டு கிடைக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தது அக்காவா, மாமாவா என்று கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. அந்த வரி இருந்தது என்பது உறுதிப்படவில்லை.