பனி பட்ட சட்டி

அலுமினியச் சட்டிக்குள் பனியை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் அமுக்கி, அப்படியே நிலத்தில் கவிழ்த்து, அகப்பைக் காம்பால் அடியில் ஓங்கித் தட்டினால் முதலில் 'டணார்' என்று ஒரு சத்தம் வரும். சட்டியை மெல்லத் தூக்கும்போது 'சர்ர்' என்று இன்னொரு சத்தம் வரும். பிறகு உள்ளேயிருந்து ஒரு பெரிய இட்லி மாதிரிப் பனி வெளியே வந்து உட்காரும். அந்த இரண்டு சத்தங்களையும் கேட்பதற்காக, பதினொரு வயதில், நானும் தங்கச்சியும் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டின் பின்வளவில் ஒரு முழுப் பகலைச் செலவழித்தோம். அம்மா வீட்டில் இருந்திருந்தால் அந்தச் சட்டிகள் சமையலறை வாசலைத் தாண்டியிருக்காது. அம்மா வீட்டில் இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

எங்கள் ஆட்கள் மீனையும் இறைச்சியையும் சேர்த்து 'மச்சம்' என்பார்கள். வீடு என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு 'மச்சச் சட்டி'யும் ஒரு 'மரக்கறிச் சட்டி'யும் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். மச்சச் சட்டியை எத்தனை தடவை புளி போட்டுத் தேய்த்தாலும் அது மரக்கறிச் சட்டி ஆகாது. ஆனால் மரக்கறிச் சட்டியில் ஒரே ஒரு தடவை மீன் காய்ச்சினால் போதும், அந்த நிமிடத்திலிருந்து அது மச்சச் சட்டி. இவ்வளவு கடுமையான சட்டத்தைப் போட்ட அம்மா, அப்டன் பார்க்கில் ஒரே கடையில், ஒரே அடுக்கிலிருந்து, ஒரே அளவான, இரண்டு பக்கமும் பிடி வைத்த இரண்டு சட்டிகளை வாங்கி வந்து, ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் கீழ் அலுமாரியிலும் மற்றதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மேல் தட்டிலும் வைத்திருந்தார். மேலே இருப்பது மரக்கறி, கீழே இருப்பது மச்சம். இதைத் தவிர அவற்றுக்குள் வேறு வித்தியாசம் எதுவும் எங்கள் கண்களுக்குத் தெரிந்ததில்லை.

அம்மாவுக்கு ஹீத்ரோ பக்கத்தில், விமானங்களில் கொடுக்கிற சாப்பாட்டைப் பொதி செய்யும் இடத்தில் வேலை. அது மார்கழி மாதம், திருவெம்பாவை நாட்கள். பத்து நாளும் வீட்டில் மச்சம் கிடையாது. அம்மாவுக்கோ பத்து நாளும் ஒருநேரச் சாப்பாடுதான். எட்டாம் நாள் காலை ஷிப்டுக்கு அவர் போய்ச் சேர்ந்த கையோடு பனி கொட்டத் தொடங்கியது. மத்தியானம் ஆனபோது விமானமும் இல்லை, பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. அம்மா முழங்கால் பனியில் நடந்து ஹவுன்ஸ்லோவில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய், அங்கிருந்து எங்களுக்குப் போன் எடுத்தார். சித்தி டென்மார்க்கில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். சட்டி விஷயத்தில் தாராள மனசுக்காரி.

"இஞ்ச எல்லாத்துக்கும் ஒரே சட்டி," என்று அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் வாழைப்பழமும் தேத்தண்ணியும்தான்."

பின்னாலிருந்து, தேத்தண்ணிக்குக் கேத்திலில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த சித்தியின் குரல் கேட்டது: "கேத்திலுக்கை நான் ஒருநாளும் மீன் காய்ச்சேல்லை அக்கா!"

இங்கே அப்பா முதல் தடவையாகச் சமையலறையின் முழு அதிகாரத்துக்கு வந்தார். அவர் வேலை செய்த பெட்ரோல் நிலையத்துக்குப் போகும் மேட்டில் எந்த வாகனமும் ஏறவில்லை. ஆகவே அவரும் வீட்டில். அப்பாவுக்குத் தெரிந்த கறி ஒன்றே ஒன்று. ஜெர்மனியில் அகதியாக ஆறு பேருடன் ஓர் அறையில் இருந்த காலத்தில் கற்ற டின் மீன் கறி. திருவெம்பாவை என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அலுமாரியின் மூலையில் ஒரு டின்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பிள்ளையள், இந்தக் குளிருக்கு உடம்பில சூடு வேணும்," என்றார். "இது லண்டன் எண்டு சாமிக்கும் தெரியும். அம்மாவுக்குத்தான் சொல்லத் தேவையில்லை."

நாங்கள் அந்த நேரத்தில்தான் பின்வளவிலிருந்து விறைத்த கையோடு உள்ளே வந்து, இரண்டு சட்டிகளையும் கழுவுதொட்டியில் ஒன்றாகப் போட்டுவிட்டுக் ஹீட்டரின் கணகணப்புக்கு முன்னால் ஓடியிருந்தோம். அப்பா கையில் அகப்பட்ட சட்டியை எடுத்துக் கழுவி, அடுப்பில் வைத்து, வெங்காயத்தை அள்ளிப் போட்டு, மிளகாய்த்தூளை மனம் போனபடி தூவி, டின்னைக் கவிழ்த்தார். பொய் சொல்லக் கூடாது, கறி அருமையாக இருந்தது. பாண் துண்டுகளைத் தோய்த்துத் தோய்த்துச் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம். தங்கச்சி இரண்டு தடவை விக்கினாள்.

அடுத்த நாள் காலை அம்மா திரும்பவும் பேசினார். ரயில் விட்டுவிடுவார்களாம், நாளை மத்தியானம் வந்துவிடுவாராம், நாளை பத்தாம் நாள், திருவாதிரை, கடைசி விரதம். முந்தின நாளிலிருந்து அவர் வயிற்றுக்குள் சோறு போகவில்லை. "வந்து வீட்டிலதான் சாப்பிடுவன். சோறும், ஒரு பருப்பும், ஒரு கிழங்குக் கறியும் காணும், வேறொண்டும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, பழைய கடித உறை ஒன்றின் முதுகில் எழுதத் தொடங்கினார்.

"உப்பு எவ்வளவு?"

"அளவாப் போடுங்கோ."

"அளவெண்டா?"

"கையில எடுக்கேக்கையே தெரியும்."

"ஆற்ர கையில? உம்மட கையிலயோ, என்ர கையிலயோ?"

அம்மா உப்பை விட்டுச் சட்டிக்கு வந்தார். "மேல் தட்டில இருக்கிற சட்டியில காய்ச்சுங்கோ. மற்றதைத் தொட்டுப்போடாதேங்கோ, என்ன?"

"உது எனக்குத் தெரியாதோ!" என்று அப்பா கம்பீரமாகச் சொல்லி, போனை வைத்துவிட்டு, மேல் தட்டைப் பார்த்தார். மேல் தட்டு வெறுமையாக இருந்தது. கீழ் அலுமாரியைத் திறந்தார். அதுவும் வெறுமை. இரண்டு சட்டிகளும் கழுவிய பாத்திரங்களுக்கு நடுவே இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றையொன்று சாய்ந்துகொண்டு கிடந்தன. அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் உண்மையைச் சொன்னேன். ஒரு சட்டியால் மதில் கட்டினோம், மற்றதால் கோபுரம் கட்டினோம், எது எது என்று தெரியாது. அப்பா ஏசவில்லை. ஏசுவதற்கு அவரிடமும் முகம் இல்லை, டின் மீன் அவருடையதுதானே. அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். முதலில் இரண்டு சட்டிகளையும் மோந்து பார்த்தார், அவருக்கு மூக்கடைப்பு. தங்கச்சியிடம் நீட்டினார், அவள் இரண்டிலும் பனி மணக்கிறது என்றாள். நான் மோந்தேன், பயத்தில் இரண்டிலும் மீன் மணந்தது. அம்மாவிடம் கேட்கலாம் என்றால், கேட்ட உடனேயே குட்டு வெளிப்பட்டுவிடும். இருந்தாலும் பின்னேரம் அம்மா பேசியபோது நான் கெட்டிக்காரத்தனமாக, "அம்மா, சும்மா கேக்கிறன், உங்கட ரெண்டு சட்டியும் மாறிப் போனா எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?" என்றேன். "பாத்தாத் தெரியுந்தானே," என்றார் அம்மா. அதோடு கதை முடிந்தது.

கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார். "நேற்று மீன் காய்ச்சின சட்டி இது, அடி பிடிச்ச கறுப்பு இன்னும் கிடக்கு. அது நிச்சயம். மற்றது மரக்கறிச் சட்டியாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என்ர அகதி வழக்கிலயே சந்தேகத்தின் பலனை எனக்குத் தந்தவங்கள். ஒரு சட்டிக்கு நாங்கள் குடுக்கேலாதோ?"

சட்டி விடுதலையானது. என் மனசு ஆகவில்லை. மீன் காய்ச்சியதுதான் மரக்கறிச் சட்டி என்றால், இப்போது விடுதலையாகி நிற்பது பழைய மச்சச் சட்டி. அம்மா பத்து நாள் காத்த விரதத்தை நான் பனி விளையாடிக் கெடுத்தவளாகிவிடுவேன். அன்று சாமிப்படத்துக்கு முன்னால் நின்று, சட்டி சரியான சட்டியாக இருந்தால் இனி வாழ்நாளில் பனியைத் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். லண்டனில் இருந்துகொண்டு அப்படி நேர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

பத்தாம் நாள் காலை அப்பா இரண்டு வேலைகளில் இறங்கினார். முதலாவது, மீன் வாசத்தைத் துரத்துவது. எல்லா யன்னல்களையும் திறந்தார். போதாது என்று சாம்பிராணி போட்டார். புகை மணி அலறத் தொடங்கியதும் அதன் கீழே கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினார். இரண்டாவது, சமையல். சோறு பிரச்சினையில்லை, அதற்கு மின்சாரச் சட்டி இருந்தது. பருப்புக்கும் கிழங்குக்கும் இருந்ததோ விடுதலையான ஒரே சட்டி. ஆகவே இரண்டையும் ஒன்றாகவே அவித்தார். கிழங்கு உரிக்கும்போது பெருவிரலை வெட்டிக்கொண்டு, துணி சுற்றிய விரலோடு தேங்காய்ப்பால் விட்டார். உப்பை என் கையில் ஒரு தடவை, தன் கையில் ஒரு தடவை எடுத்துப் பார்த்தார்; இரண்டு கையிலும் ஒன்றும் தெரியவில்லை; இரண்டையும் போட்டார்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. சித்தப்பாவின் பெரிய மழைச் சப்பாத்தும், வேலையிடத்து மஞ்சள் ஜக்கெட்டும், தலையில் சுற்றிய சால்வையுமாக அம்மா நின்றார். முகம் வாடி, உதடு வெடித்திருந்தது. உள்ளே கால் வைத்ததும், "என்ன இது, வெளியால விட உள்ளுக்கை குளிருது?" என்றார்.

"காத்தோட்டம் நல்லதாம்," என்றார் அப்பா.

அம்மா முகம் கழுவி, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு நேரே அடுப்படிக்கு வந்தார். சட்டியின் மூடியைத் திறந்தார். பிறகு, கறியைப் பார்க்காமல், இடது பக்கத்துப் பிடியின் கீழே பெருவிரலை விட்டு ஒரு தடவை தடவினார். கை அங்கேயே நின்றது. மற்றச் சட்டியைத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு எங்களைப் பார்த்தார். மூன்று பேரும் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல வரிசையாக நின்றோம். அப்பாவின் விரலில் சுற்றிய துணியில் மஞ்சளும் இரத்தமும் ஊறியிருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"யன்னலைச் சாத்திப்போட்டு எல்லாரும் வந்து இருங்கோ," என்றார் அம்மா.

சாப்பிட்டார். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். "உப்பு?" என்று அப்பா பயந்து பயந்து கேட்டார். "அளவாத்தான் கிடக்கு," என்றார் அம்மா. பக்கத்தில் தங்கச்சி மூன்றாவது கோப்பைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உலகமே இலேசாகிவிட்டது. சரியான சட்டிதான்! சாமி காப்பாற்றிவிட்டது! இனி வாழ்நாளில் பனியைத் தொட முடியாது என்ற கவலைகூட அப்போது வரவில்லை.

சாப்பிட்டு முடிந்து அம்மா, யன்னலுக்கு வெளியே பின்வளவில் நின்ற எங்கள் பனி இட்லிகளைப் பார்த்தபடியே பாத்திரம் கழுவினார். நான் துடைத்துக் கொடுத்தேன். சாப்பிட்ட சட்டியைத் துடைத்து மேல் தட்டில் வைப்பதற்காகக் கதிரையில் ஏறப் போனபோது, அம்மா அதை என் கையிலிருந்து வாங்கினார். குனிந்து, கீழ் அலுமாரியைத் திறந்து உள்ளே வைத்தார். பிறகு மீன் காய்ச்சிய சட்டியையும் எடுத்து, அதன் பக்கத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினார். மேல் தட்டு வெறுமையாகவே இருந்தது. நான் துடைத்த துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அன்றைக்குப் பின்னேரம் யாரும் இல்லாத நேரத்தில் அலுமாரிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். மீன் காய்ச்சிய சட்டியின் இடது பிடிக்குக் கீழே, அரிசி அளவில், கத்தியால் கீறிய ஓர் அடையாளம் இருந்தது. மற்றதில் இல்லை. அடையாளம் மரக்கறிச் சட்டிக்குத்தான்.

பனி கரைந்து பாதை திறந்த கிழமை அம்மா கடைக்குப் போய், நீளப் பிடி வைத்த, பளபளவென்று மின்னும் ஒரு எவர்சில்வர்ச் சட்டியை வாங்கி வந்து மேல் தட்டில் வைத்தார்.

"ஏன் புதுசு?" என்றார் அப்பா.

"பனி பட்டா அலுமினியம் பழுதாப்போகும்," என்றார் அம்மா.

"ஓம், நானும் கேள்விப்பட்டனான்," என்றார் அப்பா.

அந்த வீடு இப்போது வேறு யாருடையதோ. மேல் தட்டு, கீழ் அலுமாரி எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகக் கட்டிவிட்டார்களாம். அலுமினியச் சட்டிகள் எந்த வீட்டு மாற்றத்தில் போயின என்று ஒருவருக்கும் தெரியாது. முன்னைப் போலப் பனியும் கொட்டுவதில்லை. வந்தாலும் தேங்காய்ப்பூத் தூவியது போல வந்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விடுகிறது. நான் ஹவுன்ஸ்லோவில் சித்தி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். சித்தியைப் போலவே, என் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டி.

போன மார்கழியில், திருவாதிரையன்று, அம்மா என் வீட்டில் வந்து தங்கி நின்றார். யன்னலுக்கு வெளியே பெயருக்குக் கொஞ்சம் பனி விழுந்தது. நான் பருப்பும் கிழங்கும் ஒன்றாக அவித்து வைத்திருந்தேன். முந்தின கிழமை அதே சட்டியில் கோழிக்கறி கொதித்தது. அதை எத்தனை தடவை தேய்த்துக் கழுவினேன் என்பது எனக்குத்தான் தெரியும். அம்மா மெல்ல நடந்து அடுப்படிக்கு வந்து மூடியைத் திறந்தார். பழக்கத்தில் பெருவிரல் பிடியின் கீழே போனது. நாற்பதை நெருங்கும் நான் பதினொரு வயதுக்காரியாகி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"பனி பட்ட சட்டியோ?" என்றார்.

இத்தனை வருடத்தில் அன்றுதான் அதைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார்.

"ஓம் அம்மா," என்றேன்.

அம்மா கதிரையை இழுத்து உட்கார்ந்து, சாப்பாட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப போடு, பசிக்குது."