புகையில்லாத துப்பாக்கியும் நான் விட்டுவிட்ட கட்டமும்

போன மாதம் ஒரு மனிதரின் கையைப் பறிக்கப் பார்த்தேன்.

பயப்படாதீர்கள். அவர் இருப்பது பர்மாவின் மேற்கே சின் மலையில். நான் இருந்தது யாங்கூனில், கியாக்டடா பிளாட்பாரத்தில், என் டைப்ரைட்டர் மேசைக்குப் பின்னால். அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை!

என் மேசைதான் உங்களுக்குத் தெரியுமே. ஆங்கிலத்தில் எது வந்தாலும் பர்மியத்தில் ஆக்கித் தருவது என் பிழைப்பு. தண்ணீர் பம்ப்பின் கையேடு, இருமல் டானிக்கின் சீட்டு, கப்பல் வேலைக்கு விண்ணப்பம்... எல்லாம் வரும். துப்பாக்கி வந்தது இதுதான் முதல் தடவை.

கொண்டுவந்தவர் ஊ லியான். 'ஊ' என்பது நம் ஊர் 'ஐயா' மாதிரி. சின்காரர், யாங்கூனிலேயே அலோன் பக்கம் ஒரு கிடங்கில் மேஸ்திரி. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் வேட்டைப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு புதுத் துப்பாக்கியைப் பற்றி நாலு பக்கம் அனுப்பியிருக்கிறார். அதை பர்மியத்தில் எழுதி மலையில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப வேண்டும்.

அண்ணனிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியாக வெடிமருந்தைப் போட்டு, மேலே குண்டை வைத்து, குச்சியால் இடித்துக் கெட்டிக்கிற வகை. மக்காச்சோளத்தை அழிக்கக் காட்டுப்பன்றி கூட்டமாக வருகிறது. ஒரு தடவை சுட்டால் கண்ணுக்கு முன்னால் ஒரே புகை. புகை விலகிப் பார்த்தால் பன்றியும் இல்லை, சோளமும் இல்லை.

"இந்தப் புது மருந்துல புகையே வராதாம் சயா" என்றார் ஊ லியான். சயா என்றால் வாத்தியார். டைப் அடிக்கிறவனுக்கும் இங்கே அந்த மரியாதை உண்டு. "அண்ணன்கிட்ட பழைய தோட்டா கொஞ்சம் கிடக்கு. அதைப் பிரிச்சா உள்ளே இந்த மருந்துதானே?"

எனக்கென்ன தெரியும்? ஆனால் சயா என்று கூப்பிட்டுவிட்டாரே... கம்பீரமாகத் தலையாட்டினேன்.

படிக்க உட்கார்ந்தேன். பிடித்தது குழப்பம்.

அமெரிக்காவில், இந்தக் காலத்தில், புத்தம்புதிதாக ஒரு துப்பாக்கி செய்கிறார்கள். டெலஸ்கோப் உண்டு. உறுதியான எஃகுக் குழல் உண்டு. புகை கக்காத நவீன மருந்து உண்டு. ஆனால் அந்த மருந்தைப் போடுவது எப்படி? வாய்வழியாக! குச்சியால் இடித்து! பின்பக்கமாகத் தோட்டா போடும் வித்தையைக் கண்டுபிடித்து எத்தனை காலம் ஆகிறது? அதை வைத்துக்கொண்டே எதற்கு இந்த இடி? ராக்கெட் எஞ்சினை வைத்துவிட்டு அம்மிக்கல்லில் மிளகாய் அரைக்கிற மாதிரி இருந்தது.

மூன்று முறை படித்தேன். குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. போகட்டும், புரிந்தா மொழிபெயர்க்கிறோம் என்று அடித்துக் கொடுத்தேன். மூலத்தின் காப்பி ஒன்று என் டிராயரில் தங்கிவிட்டது.

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டம் கட்டிப் போட்டிருக்கும் எச்சரிக்கைகளை நான் மொழிபெயர்ப்பதில்லை. பல வருஷப் பழக்கம். வாடிக்கையாளர்களே பழக்கியதுதான். 'அது வேண்டாம் சயா, எப்படி ஓட்டுறது, அதை மட்டும் எழுதுங்க' என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. பம்ப்பைக் குளியல் தொட்டிக்குள் இறக்காதீர்கள் என்று போட்டிருக்கும். எங்கள் தெருவில் யார் வீட்டில் குளியல் தொட்டி இருக்கிறது?

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் டீ குடிக்கும்போது என் மனைவி பிலோமினாவிடம் புலம்பினேன். புதுத் துப்பாக்கியை எதற்குப் பழைய மாதிரி செய்ய வேண்டும்?

"இதுல என்னாங்க குழப்பம்? எங்கண்ணன் வண்டி மாதிரிதான்" என்றாள்.

மைத்துனர் க்யிம்யிண்டைங் பக்கம் லைன் கார் ஓட்டுகிறார். ஜனங்களை ஏற்றிப் போகும் பழைய வண்டி. புது வண்டிக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் யுத்த காலத்து லைசென்ஸ், அதற்குத் தகுந்தாற்போல் வெளியே யுத்த காலத்து மூக்கு. உள்ளே எஞ்சின், கியர், பிரேக் எல்லாம் ஜப்பான்காரனுடையது.

"அந்த ஊர்லயும் ஏதோ சட்டம் இருக்கும். எடுத்துப் பாருங்க."

டிராயரைத் திறந்து பார்த்தேன். இருந்தது! படத்துக்குக் கீழே, நான் தாண்டிப்போன பொடி எழுத்தில்: பல இடங்களில் வாய்வழித் துப்பாக்கிக்காரர்களுக்கென்று தனியாகச் சில நாட்கள் வேட்டைக்கு அனுமதியாம். பழைய துப்பாக்கிக்குச் சட்டம் சலுகை கொடுத்தது. உடனே பழைய துப்பாக்கிக்குள் புதுத் துப்பாக்கியைச் செய்துவிட்டார்கள். அடடா! அமெரிக்காக்காரனும் நம் க்யிம்யிண்டைங்காரன்தான். சட்டம் பழசைக் கேட்கும், மனுஷன் புதுசைக் கேட்பான், நடுவில் மெக்கானிக் பிழைத்துக்கொள்வான்.

சந்தோஷம் அரை நிமிஷம்கூட இருக்கவில்லை. கண் கீழே இறங்கியது. மூலையில் ஒரு கட்டம்.

இந்த மருந்தை இதற்கென்றே செய்த துப்பாக்கியில் மட்டும் போடவும். வாய்வழியாகக் கெட்டிக்கும் வேறு எந்தத் துப்பாக்கியில் போட்டாலும், ஒரே ஒரு தடவை போட்டாலும், குழல் வெடிக்கும். கை போகும், கண் போகும், உயிரும் போகலாம்.

"கர்த்தரே!" என்றாள் பிலோமினா. அன்றைக்குத் தலையாட்டினேனே... அந்தத் தலையை எங்கே கொண்டு போய் முட்டுவது?

மறுநாள் காலை அலோனுக்கு ஓடினேன். கடிதம் முந்தாநாளே பஸ் ஏறிவிட்டது. அவர்கள் சர்ச் சபைக்காரர் ஒருவர் கையோடு கொண்டு போயிருக்கிறார். கட்டத்தைப் படித்துக் காட்டினேன். நான் விட்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன். ஊ லியான் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணன் கிராமத்தில் டெலிபோன் கிடையாது. கீழே உள்ள டவுனில் பாஸ்டர் வீட்டில் இருக்கிறது. மூன்று நாள் லைனே கிடைக்கவில்லை. மலையில் மழை. நாலாம் நாள் கிடைத்தது. இனி அங்கிருந்து கிராமத்துக்கு ஆள் நடந்து போக வேண்டும்.

அந்த நாட்களில் நான் அடித்த விண்ணப்பங்களில் எத்தனை பிழையோ, அந்த மாலுமிகளுக்கே வெளிச்சம். பட்டாசுச் சத்தம் கேட்டாலும் நாற்காலியை விட்டு எழுந்தேன். பிலோமினா ஜெபித்தாள். நான் ஜெபிக்கவும் வெட்கப்பட்டேன்.

ஒன்பதாம் நாள் ஊ லியான் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆள் போறதுக்கு முந்தின நாளே கடுதாசி போய்ச் சேர்ந்திடுச்சு சயா."

டைப்ரைட்டரைத் தள்ளி வைத்துக் கேட்டேன். "தோட்டாவைப் பிரிச்சாரா?"

"இல்லை. கடுதாசியை ரெண்டு தடவை வாசிச்சிட்டு மடிச்சு வச்சுட்டாராம்."

"ஏன்?"

"நாலு பக்கமும் நல்லதாவே எழுதியிருக்கு. துப்பாக்கியைப் பத்தி எழுதுறவன் ஒரு இடத்துலகூட 'பாத்து'ன்னு சொல்லாம விடுவானா, மீதிக் காகிதம் எங்கேன்னு கேட்கிறார்."

மீதிக் காகிதம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அந்தக் கட்டத்தை மட்டும் ஒரு முழுத் தாளில் அடித்துக் கொடுத்தேன். கீழே, சயா தலையாட்டியது தவறு என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் முதலில் கட்டத்தைத்தான் படிக்கிறேன். தலைவலி மாத்திரையின் சீட்டையும் அப்படித்தான் படித்தேன்... அன்றிலிருந்து தலைவலியே தேவலாம் என்று இருக்கிறேன்!