ஒரு படத்தில் மூன்று பேர் ஆகாது

தம்பிக்கு இன்னும் தலை நிற்கவில்லை, அதற்குள் அவனைப் படம் எடுத்தாக வேண்டும் என்று வீட்டில் ஒரே பரபரப்பு. எங்கள் அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தார். தம்பி ஆத்தா வயிற்றில் இருக்கும்போதே கப்பலேறிப் போனவர், பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார். எல்லாரும் என்றால் அண்ணன், நான், தம்பி. அவர் புறப்பட்ட அன்று முன்பல் இரண்டும் விழுந்து பொக்கை வாயோடு வழியனுப்பியவள் நான். இப்போது பல் முளைத்து, பார்க்க லட்சணமாக இருந்தேன். அந்த முகத்தை அப்பச்சி பார்த்தே ஆக வேண்டும். எனக்கு வேறு கவலையே கிடையாது.

திருமயத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு, புதுக்கோட்டையிலிருந்து போட்டோக்காரர் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. அன்று காலையிலிருந்தே அப்பச்சியின் அக்காவான அயித்தையின் அதிகாரம் தூள் பறந்தது. அண்ணன் தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்த்து வகிடெடுத்தார். எனக்கு ரெட்டைச் சடை. பின்னிய வேகத்தில் என் கண் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிட்டன. தம்பிக்குச் சாம்பிராணிப் புகை காட்டி, வசம்பு வளையல் மாட்டி, கன்னத்தில் காலணா அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தார்.

"கடல் தாண்டிப் போற படம்ல. அங்கிட்டு எத்தனை கண்ணு படுமோ" என்று நெற்றியில் இன்னொன்று, உள்ளங்காலில் இன்னொன்று.

ஆத்தா பின்கட்டில் தம்பியின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். அவளைத் தலை சீவிக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை.

போட்டோக்காரர் முற்றத்தில் முக்காலியை நிறுத்தி, அதன்மேல் பெட்டியை ஏற்றினார். அண்ணன் நாற்காலியில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் பக்கத்தில் நின்றேன். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதுதான் தாமதம்.

"நிறுத்துங்க!" என்று அலறினார் அயித்தை. விரலை நீட்டி எங்களை எண்ணினார். "ஐயய்யோ, மூணு பேரு! மூணு பேரு சேந்து படம் எடுத்தா ஒருத்தருக்கு ஆகாதுங்க. ஏய், நீ இங்கிட்டு வா. ஒன்னைய இன்னொரு நாளைக்கி எடுப்போம்."

"நான் ஏன் வரணும்? அண்ணனை வரச் சொல்லுங்க. நான் தம்பிய வச்சிக்கிறேன்."

"நீயா? கீழ போட்டுருவ" என்றான் அண்ணன். அவனுக்கு அன்றைக்கு என்ன திமிர்!

நான் தரையில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினேன். சட்டையெல்லாம் புழுதி. போட்டோக்காரர் பாவம், நல்ல மனிதர். "ஒரு பொம்மையக் குடுத்து நிக்க வைங்க, நாலாயிரும்" என்றார்.

"பொம்மைக்கு உசுரு இருக்கா? உசுருதானய்யா கணக்கு."

"அப்ப நீங்களே வந்து நில்லுங்களேன்."

"நானா? படம் எடுத்தா ஆயுசு கொறையும். எனக்கென்ன தலையெழுத்தா?" என்று அயித்தை தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எங்கள் ஆயுசு குறைவதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

"வெயில் எறங்குது. பஸ்ஸை விட்டுட்டா நான் நடந்துதான் போகணும்" என்று போட்டோக்காரர் கையைப் பிசைந்தார். என் கூப்பாடு கேட்டு ஆத்தா ஈரக்கையோடு ஓடி வந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று பட்டது. எழுந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ வா ஆத்தா! நீ வந்தா நாலு!"

"அடி போடி. கல்யாணத்துக்கே படம் எடுக்காதவ நானு. சேலையெல்லாம் ஈரம், தலை பரட்டையாக் கெடக்கு."

"படத்துல ஈரம் தெரியாது ஆச்சி. வந்து அப்படியே நில்லுங்க" என்றார் போட்டோக்காரர்.

அயித்தை மறுபடியும் விரலை நீட்டி எண்ணினார். கணக்கு நாலு வந்தது. ஆத்தா கூச்சத்தோடு தம்பியை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் பல் அத்தனையும் தெரிய நின்றேன். மூச்சுகூட விடவில்லை. இனி அப்பச்சி என்னைப் பார்க்காமல் போக வழியே இல்லை என்று அவ்வளவு சந்தோஷம்.

தம்பி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம்தான் அப்பச்சி ஊருக்கு வந்தார். டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடாமல் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பச்சி, படத்துல நான் எப்படி இருந்தேன்?"

அவர் திருதிருவென்று விழித்தார். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீர்ச் செம்போடு வந்து நின்ற ஆத்தாவைப் பார்த்துவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"நீயும் அதுல இருந்தியா?" என்றார்.

அயித்தை விழுந்து விழுந்து சிரித்தார். ஆத்தாவுக்கு முகம் சிவந்துபோய், செம்பை நீட்டக்கூடத் தோன்றவில்லை. எனக்கு வந்ததே கோபம்! புழுதியில் புரண்டு அழுதவள் நான். அந்த மனுஷர் அத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டிருந்தது ஆத்தாவை.