கட்டிலுக்கு நேர் மேலே ஒரு வட்டத் தட்டு

போன திங்கட்கிழமை காலை பத்தரை மணி. எங்கள் வீட்டு மாடியில், ஸ்மோக் டிடெக்டர் இருக்க வேண்டிய மூன்று இடங்களில் மூன்று கொசுவலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே வாசலில், டிடெக்டரைச் சோதிக்க வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நடுவில், மாடிப்படியில் — நான்.

எப்படி இந்த நிலைமை வந்தது? சொல்கிறேன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் மாடி அறைகள் மூன்றும் சும்மாதான் கிடந்தன. அவற்றை ஹோம்ஸ்டே ஆக்கலாம் என்பது என் மனைவி சரஸ்வதியின் யோசனை. திரைச்சீலைகளை அவளே தைத்தாள். இட்லி என்றைக்கு, அப்பம் என்றைக்கு என்று பட்டியல் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியும் விட்டாள். எறணாகுளத்து டிராவல் கம்பெனி ஒன்று ஆள் அனுப்பச் சம்மதித்தது. முதல் விருந்தினர்கள் ஓர் இங்கிலாந்துத் தம்பதி, திங்கள் சாயங்காலமே வருகிறார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. அறைக்கு ஒரு ஸ்மோக் டிடெக்டர். திங்கள் காலை கம்பெனி ஆள் வந்து பார்ப்பார். அலாரம் அடித்தால் விருந்தினர் எங்களுக்கு. அடிக்காவிட்டால் போர்ட் கொச்சியில் வேறு வீட்டுக்கு.

வியாழக்கிழமை வயர்மேன் சேவியர் சேட்டன் வந்தார். மனிதர் வேலை செய்வதைப் பார்ப்பதைவிட, வேலை செய்யும்போது பேசுவதைக் கேட்க வேண்டும். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

டிடெக்டர் இரண்டு பாகம். முதலில் அறையின் மரக் கூரையில் ஒரு பேஸ் — உள்ளங்கை அகலத்தில் வெள்ளை வட்டத் தட்டு. அதில் ஒயரை முடுக்க வேண்டும். பிறகு டிடெக்டர் தலையை அதில் வைத்துத் திருகினால் பல்பு போல உட்கார்ந்துகொள்ளும்.

"ரெண்டு ஒயர் வரும், ரெண்டு ஒயர் போகும் சாரே. பஸ் ஸ்டாப் மாதிரி. வந்தவன் போயிட்டே இருக்கணும்" என்றார் சேட்டன். மூன்றாவது அறையின் பேஸில் மட்டும் கோதுமை மணி அளவுக்கு ஒரு ரெஸிஸ்டரை முடுக்கினார். "இது லாஸ்ட் ஸ்டாப். வண்டி இங்கே வரைக்கும் வந்து சேர்ந்துச்சுன்னு கீழே படியடியிலே இருக்கிற அலாரம் பெட்டிக்குத் தெரியணும். வழியிலே எங்கேயாவது ரோடு அறுந்தா, பெட்டியிலே மஞ்ச விளக்கு எரியும். பீப் பீப்னு கரையும்."

தலைகளை மட்டும் வைக்கவில்லை.

"பெயின்ட்டர் உரசுற பொடி எல்லாம் அடங்கட்டே. இப்ப வச்சா தலைக்கு ஜலதோஷம் பிடிக்கும். திங்களாழ்ச்ச காலையிலே நான் வரும்."

தலைகள் இருந்த அட்டைப்பெட்டியை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று அறையிலும் மூன்று மொட்டைத் தட்டுகள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வந்து மாடி ஏறினேன். அசந்துபோனேன்! ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே, குடை மாதிரி வட்டமான வெள்ளைக் கொசுவலை. ராஜா வீட்டுப் படுக்கை கெட்டது!

"இந்த சேவியர் சேட்டனுக்கு என்ன புத்தி பாருங்க" என்றாள் சரஸ்வதி. "நான் சொல்லவே இல்லே. கட்டிலுக்கு நேர் மேலே, வலை கட்டுறதுக்கு வாகா ஒரு வளையம் வச்சுட்டுப் போயிருக்காரு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வியாழக்கிழமை முழுக்க ஏணி பிடித்தவன் நான். ரோடு, ஸ்டாப், ஜலதோஷம் எல்லாம் கேட்டவன் நான்.

"கொள்ளாமே, ஜோரா இருக்கே!" என்றேன்.

திங்கள் காலை பத்தேகாலுக்கு சேட்டன் வந்தார். முதல் அறையைப் பார்த்தார். இரண்டாவது அறையைப் பார்த்தார். மூன்றாவது அறையில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சேச்சீ... ஈ கொதுகுவலை ஆரு கெட்டியது?"

"நான்தான் சேட்டா. நல்லா இருக்குல்லே?"

"இது தீ பிடிச்சா விளிச்சுச் சொல்றதுக்கு உள்ளது சேச்சி!"

"தீ என்னைக்கோ ஒரு நாள் வரும். கொசு தினமும் ஆறு மணிக்கு வந்துரும்."

சேட்டன் என்னைப் பார்த்தார். ஏணியை எடுக்கப் போனார். கொச்சியில் இதை யாரால் மறுக்க முடியும்?

அப்போதுதான் கீழே அழைப்பு மணி. கம்பெனி ஆள். பெயர் பிரகாஷ். கையில் ஃபைல்.

எனக்கு ஏணி ஏறத் தெரியாது. ஒயர் முடுக்கத் தெரியாது. பேசத் தெரியும். அவரைப் பிடித்து உட்கார வைத்து சாயாவும் பழம்பொரியும் கொடுத்து, எந்த ஊர் என்றேன். திருப்பூணித்துறை என்றார். அப்படியா, கோயில் பக்கமா, ஸ்டேஷன் பக்கமா, பஸ்ஸில் கூட்டம் எப்படி? மேலே ஏணி இழுபடும் சத்தம். "மெல்ல, மெல்ல! வலை கிழிஞ்சுரும்!" என்று சரஸ்வதியின் குரல்.

பிறகு படியடியில் இருந்த பெட்டியிலிருந்து — பீப்.

வலையை அவிழ்த்த இழுப்பில் எந்த ரோடோ அறுந்திருக்கிறது!

"அதென்ன சத்தம்?" என்றார் பிரகாஷ்.

"கிளி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பீப்.

"வளர்க்கிறீங்களா?"

"ஆமா சார்... வியாழக்கிழமைதான் வந்துச்சு."

பீப். பீப்.

"பசிக்குது போல" என்று பழம்பொரியில் ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினார். நல்ல மனிதர். நான் அதை வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நானே தின்றேன். மாடியிலிருந்து சேட்டன் கத்தினார்: "லாஸ்ட் ஸ்டாப் கிட்டி சாரே! ஒயர் கழண்டு போயிருக்கு!"

பீப் நின்றது. வலைகளை இறக்கி மூன்று தலைகளையும் திருகியாயிற்று என்று சேட்டன் குரல் கொடுத்ததும், பிரகாஷை மாடிக்கு அழைத்துப் போனேன்.

சோதனைக்குப் புகை வேண்டும். சரஸ்வதி கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி, துடைப்பக் கட்டையில் கட்டித் தந்தாள். அதை பிரகாஷ் டிடெக்டருக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஐந்து விநாடி. பத்து விநாடி. சரஸ்வதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற மாதிரி.

அடித்ததே பாருங்கள்! காது கிழிந்தது. எதிர் சுக்குக் கிடங்கிலிருந்து சுமைக்காரர் ஒருவர் வாளித் தண்ணீரோடு மாடியேறி ஓடி வந்து, புகைகிற ஒரே பொருளான துடைப்பத்தின் மீது ஊற்றினார். பாதி பிரகாஷ் மீது.

பிரகாஷ் சட்டையைப் பிழிந்துகொண்டே ஃபைலில் டிக் அடித்தார். "அலாரம் ஓகே. அயல்வாசியும் ஓகே." போகும்போது ஒன்று சொன்னார்: "அறையிலே கொசுவர்த்தி, ஊதுபத்தி கூடாது. இது கூவிரும்."

சுருளும் கூடாது. வலைக்கு வளையமும் இல்லை. சரஸ்வதி வலைகளை மடித்துக் கட்டில்மேல் வைத்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை.

சாயங்காலம் தம்பதி வந்தார்கள். கணவர், நெட்டையான வெள்ளைக்காரர், மேலே பார்த்து, டிடெக்டரைக் காட்டி, ரொம்பப் பாதுகாப்பான வீடு என்று பாராட்டினார். ஆறு மணிக்குக் கொசுவும் வந்தது.

மறுநாள் காலை காபி போட்டுக்கொண்டிருந்தாள் சரஸ்வதி. படியடியில் — பீப்.

காபித் தட்டோடு மாடி ஏறினோம். கதவு திறந்தது. நன்றாகத் தூங்கிய முகத்தோடு இருவரும் சிரித்தார்கள். பின்னால் கட்டிலைச் சுற்றி வெள்ளை வலை, அழகாகக் குடை விரித்து... ஸ்மோக் டிடெக்டரிலிருந்து, அந்த வெள்ளைக்காரரின் ஷூ லேஸில் தொங்கியது!

சரஸ்வதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தீங்களா? இங்கிலாந்துலேர்ந்து வந்தவருக்குப் புரிஞ்சிருக்கு."

சேவியர் சேட்டனுக்கு போன் செய்துவிட்டேன். மூன்று டிடெக்டருக்கும் பக்கத்தில், வலைக்கென்று மூன்று கொக்கி. சனிக்கிழமை வருகிறாராம்.

அதுவரை கிளி கத்திக்கொண்டிருக்கும்.