காசிம் பாய்க்குப் போன சேணம்

பழைய சேணத்தை வெயிலில் கவிழ்த்து வைத்தால் முதலில் குதிரைதான் நாறும். வியர்வையும் சாணமும் புளித்த கொள்ளுமாகக் கலந்த அந்த நெடி போய், விளக்கெண்ணெயில் இரண்டு மூன்று நாள் ஊறிய பிறகுதான் தோலின் வாசனை எழும். அறுபதுகளில், திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் ஒற்றை அறை வீடு இந்த இரண்டு வாசனைகளுக்கும் நடுவில்தான் இருந்தது. பட்டணத்துக் குதிரை லாயங்களில் கழித்துப் போட்ட சேணங்களையும், ஜட்காவை விற்றுவிட்டு வேறு பிழைப்புத் தேடிப் போனவர்களின் கடிவாளங்களையும் அப்பா வாங்கி வந்து, கழுவி, தைத்து, கோணியில் கட்டி, வெளியூர்க்காரர்களுக்கு ரயில் பார்சலில் அனுப்புவார். ஆந்திர எல்லையோரத்து வழக்கப்படி அவரை நான் "நைனா" என்றுதான் கூப்பிடுவேன்.

பார்சல் ஆபீஸில் எடை போடுகிற போர்ட்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "இன்னாண்ணே, துணிமணியெல்லாம் போவுது, மாப்ளையக் காணோமே?"

"மாப்ள முன்னாடியே போயி புல்லு துன்னுக்கினு கீறாரு. நீ ஒயுங்கா எட போடு."

நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அதனால் வாங்குகிறவர்களுக்கு அவர் குறைகளை எழுதி அனுப்பியதில்லை, கட்டி அனுப்பினார். கிழிந்த வேட்டியிலிருந்து வெள்ளைத் துணி கிழித்து, தைத்துச் சரிசெய்த இடத்தில் ஒரு முடிச்சு. பாரம் தாங்காது, மாற்றிக்கொள் என்றால் அதே இடத்தில் இரண்டு முடிச்சு. "பழசுன்னா கொற இருக்கத்தான் செய்யும். எங்க கீதுன்னு காட்டிட்டா, வாங்குறவன் பாத்துக்குவான்" என்பார். அவரிடம் வாங்கியவர்கள் எல்லாருக்கும் அந்த முடிச்சுகளின் அர்த்தம் தெரியும். அவர்களில் முக்கியமானவர் உதகையில் ஏரிக்கரையில் மட்டக்குதிரைச் சவாரி விடும் காசிம் பாய். அவருக்கும் எழுத்துத் தெரியாது. ஒரு தடவை தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அந்த அண்ணன் என்னைச் சேணத்தின்மேல் உட்கார வைத்து, தானே குதிரையாகிக் கனைத்துக் காட்டினான்.

நான் ஐந்தாவது படிக்கும்போது, எங்கள் வம்சத்திலேயே முதல் ஆளாகக் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் காசிம் பாய்க்கு ஒரு சேணம் கிளம்பியது. அதன் வயிற்று வார், அதாவது குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இழுத்துப் பிடிக்கிற வார், உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது. நைனா அதில் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். உள்ளே காகிதம் அடைத்துக் கோணியைத் தைப்பது என் வேலை. எனக்கு அந்தக் கந்தல் முடிச்சுகளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. எழுதத் தெரிந்த ஒருவன் வீட்டில் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றியது. இரண்டையும் அவிழ்த்து எறிந்தேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, "வயிற்று வார் பாரம் தாங்காது. புதிது மாற்றிக்கொள்ளவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, சேணத்துக்குள் செருகி, அதன்மேல் பழைய செய்தித்தாள்களை அடைத்துத் தைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. யாரையோ கொண்டு எழுதியிருந்தார் பாய். "உள்ளே இருந்த காகிதத்தை எல்லாம் குளிருக்கு எரித்தோம். முடிச்சு எங்கும் இல்லை என்று நம்பி மாட்டினோம். ஏறியவன் என் தம்பி மகன். வார் அறுந்து பாறைமேல் விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நீ மறைத்து அனுப்புவாய் என்று நான் நினைக்கவில்லை. இனி சரக்கு வேண்டாம்."

நைனா விளக்கெண்ணெய்க் கையோடு என் முன்னால் வந்து குந்தினார். "இன்னாடா எய்திக்கிறாரு பாய்?"

எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே சொன்னேன். "சரக்கு வந்து சேந்துச்சாம், நைனா. நல்லா கீதாம்."

"பாத்தியாமே!" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அந்த மனுசன் வாயில நல்லா கீதுன்னு லேசுல வராது. இவன் படிச்சதுக்கு இன்னிக்கிதான் நல்ல சேதி கேக்குறேன்."

கார்டை நான் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் கிழித்துத் தண்டவாளத்தோரம் போட்டேன்.

ஆறு மாதம் பாயிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் நைனா என்னை உட்கார வைத்து அவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார். "இன்னா பாய், எங்கள மறந்துட்டீங்களா? போன தபா அனுப்புன சேணம் எப்பிடி ஓடுது? தம்பி புள்ள இப்ப தனியாவே சவாரி வுடுறானா? கேட்டேன்னு சொல்லுங்க." அவர் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். மாற்றி எழுதியிருக்கலாம். எழுதவே இல்லாமல் கோடு கிறுக்கியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. கை அவர் சொன்னதையே எழுதிற்று. தபால் பெட்டிவரை கூடவே வந்து, உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் நைனா திரும்பினார். படுக்கையில் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாய் அதை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார். பதில் வரவில்லை.

இன்று திருவள்ளூர் ரயிலடியில் ஜட்கா இல்லை. சைக்கிள் ரிக்‌ஷாவும் ஆட்டோவும் நிற்கின்றன. பார்சல் ஆபீஸில் சேணம் என்று சொன்னால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்புகிற கம்பெனி ஒன்றில் நான் குமாஸ்தா. நாள் முழுக்க எழுதுகிறேன். நைனாவுக்குக் கண் மங்கிவிட்டது, தொழிலும் நின்றுபோயிற்று. சும்மா இருக்கும்போது எப்போதாவது, "காசிம் பாய் நம்மள ஏன்டா வுட்டுட்டாரு? நான் ஒண்ணும் தப்பா அனுப்பலியே" என்பார். நான் செய்தித்தாளைப் புரட்டுவேன்.

இப்போது நான் எழுதுகிற இது அச்சில் வந்தால் நைனாவுக்குத் தெரியாமல் போகாது, உன் பிள்ளை பேர் வந்திருக்கிறது என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பத்திரிகையை வாங்கி, என் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு என் பக்கம் நீட்டி, "படி" என்பார். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் இன்னும் நான் ஒருவன்தான்.